உள்ளூர்ச் சந்தையா, வெளிநாட்டுச் சந்தையா?

நம் வியாபாரச் சகோதரர்கள் நாலு பேர் கூடும் இடங்களில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. பள்ளிவாசல் வராந்தாவிலும், கல்யாணப் பந்தலிலும், சங்கத்தின் கூட்டங்களிலும் அதனைக் கேட்டு வருகிறோம். "முன்பேர வர்த்தகத்தில் பணம் போடலாமா? போடலாம் என்றால் கோலாலம்பூர், சிங்கப்பூர்ச் சந்தைகளில் போடுவதா, சிகாகோ, லண்டன் சந்தைகளில் போடுவதா?" என்பதே அக்கேள்வி.

இதற்கு மூன்று விதமான பதில்கள் சொல்லப்படுகின்றன. "நம் நாட்டுச் சந்தையில் செய்தால் ஆகும், அந்நிய நாட்டுச் சந்தையில் செய்தால் ஆகாது" என்பார் ஒரு சாரார். "வியாபாரத்திற்கு எல்லை ஏது? கூட்டம் பெரிதாக உள்ள சந்தையிலேதான் வாங்குவதும் விற்பதும் இலகு" என்பார் மற்றொரு சாரார். "இரண்டுமே சூதாட்டம்; பேச்சுக்கே இடமில்லை" என்று எழுந்து போய்விடுவோரும் உண்டு. இம்மூன்றிலும் உண்மையின் கூறு இருக்கிறது. ஆயினும், மூன்றில் எதுவும் முழு விடையாகாது என்பது நம் கருத்து. அதற்கான காரணங்களை நம் வர்த்தகப் பெருமக்களின் முன் வைக்க விரும்புகிறோம்.

முன்பேரம் என்பது யாது?

இன்றைக்கே விலை பேசி முடித்துவிட்டு, சரக்கையும் பணத்தையும் பிந்திய ஒரு மாதத்தில் மாற்றிக்கொள்வதாக ஒப்பந்தம் செய்வதே முன்பேரம். இது சூதாடுவோருக்காகப் பிறந்ததன்று. ஜப்பானின் ஒசாக்கா நகரில் தோஜிமா அரிசிச் சந்தை 1730-ஆம் ஆண்டிலேயே அரசாங்கத்தின் அனுமதி பெற்று இம்முறையை நடத்தியது. அமெரிக்காவில் சிகாகோ வணிகக் கழகம் 1848-இல் வியாபாரிகளால் தொடங்கப்பட்டது. அறுவடையின்போது தானியம் குவிந்து விலை விழும். பிறகு சரக்கு அருகி விலை ஏறும். இந்த ஏற்ற இறக்கத்திலிருந்து தப்பிக்க, விளைவிப்போரும் வாங்குவோரும் கண்ட வழி இது.

நம் நாட்டிலும் கதை இதுவே. கோலாலம்பூர்ப் பண்டச் சந்தை 1980-இல் செம்பனை எண்ணெய் முன்பேரத்தைத் தொடங்கியது. அச்சந்தை பல பெயர்கள் மாறிப் பின்னர் புர்சா மலேசியாவின் பகுதியாயிற்று. அங்கே ஓர் ஒப்பந்தம் என்பது 25 டன் எண்ணெய். விலை ரிங்கிட்டில். தவணை தீருமுன் கணக்கை முடித்துக்கொள்ளாதவர் எண்ணெயைக் கொடுக்கவோ எடுக்கவோ கடமைப்பட்டவர். சிங்கப்பூரில் சிக்கோம் என்னும் பண்டச் சந்தை ரப்பர் முன்பேரத்திற்குப் பெயர் பெற்றிருந்தது. 2008-இல் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தை அதனை ஏற்றுக்கொண்டது.

இதன் பயன் என்ன? சென்னைக்கோ தூத்துக்குடிக்கோ மூன்று மாதங்களுக்குப் பின் செம்பனை எண்ணெய் அனுப்புவதாக இன்றே விலை கட்டிக்கொண்ட ஒரு வியாபாரியை எண்ணிப் பாருங்கள். சரக்கு இன்னும் அவர் கைக்கு வரவில்லை. இடையில் விலை ஏறினால் அவர் கதி என்னாவது? 2022-ஆம் ஆண்டு, உக்ரேன் போர் மூண்ட பின், செம்பனை எண்ணெய் டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் 3,500 ரிங்கிட்டுக்கும் கீழே இறங்கியது. இத்தகைய ஆண்டில், விலை கட்டிய அன்றே முன்பேரத்தில் வாங்கி வைத்தவர், சரக்கில் வரும் நஷ்டத்தை ஒப்பந்தத்தில் வரும் லாபத்தால் ஈடு செய்யலாம். அவர் ஆபத்தைத் தேடிப் போகவில்லை. தம்மைத் தேடி வந்த ஆபத்தைக் குறைத்துக்கொள்கிறார்.

இனி மறுபக்கம். எண்ணெய்க்கும் தமக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லாத ஒருவர் அதே ஒப்பந்தத்தை வாங்குகிறார். டன் 4,000 ரிங்கிட் என்றால் 25 டன்னின் மதிப்பு 100,000 ரிங்கிட். ஆனால் அவர் அவ்வளவும் கட்ட வேண்டியதில்லை. ஒரு சிறு பங்கை ஈட்டுப் பணமாகக் கட்டினால் போதும். கணக்குக்காக அதனை 8,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். விலை டன்னுக்கு 320 ரிங்கிட் இறங்கினால் அந்த 8,000-மும் போயிற்று. விலை விழுந்தது நூற்றுக்கு எட்டு. அவர் முதல் அழிந்தது நூற்றுக்கு நூறு. மேலும் விழுந்தால், "இன்னும் பணம் கொண்டு வா" என்று தரகர் கேட்பார். கொண்டு வராவிட்டால் ஒப்பந்தத்தை விற்று, குறைக்கு நம்மீதே கணக்கெழுதுவார். ஒரே தாள், ஒரே விலை, ஒரே சந்தை. ஒருவருக்கு அது குடை, மற்றவருக்கு அது சூதுக்காய்.

மார்க்க அறிஞர்கள் கூறுவது

கையில் இல்லாததை விற்க வேண்டாம் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. அதே வேளையில், முழு விலையையும் முன்கூட்டியே கொடுத்து, அளவும் தரமும் தவணையும் தெளிவாக வகுத்துக்கொண்டால், பின்னர் வரவிருக்கும் சரக்கை இன்று வாங்குவதற்கு 'ஸலம்' என்னும் முறையில் இடமளிக்கப்பட்டது. முன்பேரத்தில் விலையும் பின்னர், சரக்கும் பின்னர். இதுவே அறிஞர்களிடையே கருத்து வேற்றுமைக்குக் காரணம்.

1992-இல் ஜித்தாவில் கூடிய உலக இஸ்லாமிய சட்ட அறிஞர்களின் மன்றம், சந்தைகளில் நடைபெறும் வழக்கமான முன்பேர ஒப்பந்தங்கள் கூடா என்று முடிவு செய்தது. பாகிஸ்தானின் முஃப்தி தகீ உஸ்மானி அவர்களின் கருத்தும் அதுவே. ஆனால் மலேசியப் பங்குப்பத்திர ஆணையத்தின் ஷரீஅத் ஆலோசனை மன்றம், செம்பனை எண்ணெய் முன்பேரத்தை ஆராய்ந்து, அது கூடும் எனத் தீர்மானித்தது. மலேசியாவில் நெடுங்காலம் பேராசிரியராயிருந்த முஹம்மது ஹாஷிம் கமாலி அவர்களும் இவ்விஷயத்தைப் பற்றித் தனி நூலே எழுதி, கூடும் என்ற பக்கமே நின்றார். கையில் இல்லாததை விற்கலாகாது என்ற விதியின் கருத்து, கொடுக்க முடியாமற் போகும் ஆபத்தைத் தடுப்பதே. சரக்கும் பணமும் வந்து சேரும் என்பதற்குச் சந்தையின் தீர்வகம் பொறுப்பேற்கும்போது அந்த ஆபத்து நீங்குகிறது என்பது அவர் வாதம்.

இந்த இரண்டு கருத்துகளில் எது சரி என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி நமக்கில்லை. அவரவர் தாம் நம்பும் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிக. கூடாது என்போரைப் பின்பற்றுகிறவருக்கு உள்ளூர், வெளியூர் என்ற கேள்வியே எழாது. கூடும் என்போரைப் பின்பற்றுகிறவர் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் பிடித்திருக்கும் அனுமதி எதன்மேல் நிற்கிறது? சரக்கு ஹலாலானது, வகுக்கப்பட்டது, கொடுபடக் கூடியது, அதற்குப் பொறுப்பேற்பவர் இருக்கிறார் என்பவற்றின்மேல் நிற்கிறது. இன்ன சந்தையின் இன்ன ஒப்பந்தத்தைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு, உலகிலுள்ள எல்லாச் சந்தைகளுக்கும் தானாகப் பொருந்திவிடாது. சிகாகோவில் சோயாவும் கோதுமையும் விலை பேசப்படுவது போலவே பன்றியும் விலை பேசப்படுகிறது. "கோலாலம்பூரில் ஆகும் என்றார்கள், ஆகவே எங்கும் ஆகும்" என்பது, ஒரு கடையின் இறைச்சி ஹலால் என்று கேள்விப்பட்டு அந்த வீதியின் எல்லாக் கடைகளிலும் வாங்குவதற்கு ஒப்பாகும்.

இடம் ஏன் முக்கியம்?

சந்தை எங்கிருக்கிறது என்பதனால் வரும் வேற்றுமை இதுவே: சட்டத்தை எழுதுபவர் யார், நெருக்கடி வந்தால் அவர் யாரை முதலில் பார்ப்பார் என்பது. இதற்குச் சரித்திரத்தில் சான்றுகள் உள.

ஈயம் நம் நாட்டுச் சரக்கு. ஆயினும் அதன் முன்பேரம் லண்டன் உலோகச் சந்தையில் நடந்தது. 1981-இல் மலேசிய அரசின் சார்பில் மாமின்கோ என்ற நிறுவனம் அங்கே மறைவாக ஈயத்தை வாங்கிக் குவித்தது. விலை ஏறியது. சரக்கில்லாமல் விற்றிருந்தவர்கள் திணறினார்கள். 1982-இன் தொடக்கத்தில் லண்டன் சந்தை தன் விதியையே மாற்றியது. சரக்குக் கொடுக்க முடியாதவர் அபராதம் கட்டிவிட்டுத் தவணை பெறலாம் என்றது. விலை விழுந்தது; மலேசியாவுக்குப் பெருநஷ்டம். 1986-இல் பிரதமர் டாக்டர் மகாதீர் இதனை ஒப்புக்கொண்டார். சரக்கைக் குவித்து விலையேற்ற முயன்றதும் பிழை. ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றியதும் முறையன்று. ஆனால், விதியை மாற்றும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்பதே நாம் இங்கே குறித்துக்கொள்ள வேண்டுவது.

1985 அக்டோபரில் அகில உலக ஈய மன்றம் பணமின்றி முடங்கியது. லண்டனில் ஈய வர்த்தகம் நிறுத்தப்பட்டு, 1989-இல்தான் மீண்டும் தொடங்கியது. இதற்கிடையில் விலை சரிந்து நம் நாட்டுச் சுரங்கங்கள் பல மூடப்பட்டன. வேலை இழந்தவர்கள் லண்டன் சந்தையைக் கண்ணாலும் கண்டவர்களல்லர். இது பழங்கதை என்று தள்ளுவோர் 2022 மார்ச் 8-ஆம் நாளைப் பார்க்கலாம். அன்று அதே லண்டன் சந்தையில் நிக்கல் டன் 100,000 டாலரைத் தாண்டியது. சந்தையை நிறுத்திய நிர்வாகம், அன்று நடந்த வியாபாரங்களையே செல்லாதவை என்று அழித்தது. லாபம் கண்டவர்கள் வழக்குத் தொடுத்தும், 2023-இல் லண்டன் நீதிமன்றம் சந்தையின் பக்கமே தீர்ப்பளித்தது.

நமக்கு நெருங்கிய இந்தியாவிலும் ஒன்று நடந்தது. 2021 டிசம்பரில் அந்நாட்டின் செபி ஆணையம் கோதுமை, கடுகு, சோயா முதலிய ஏழு பண்டங்களின் முன்பேரத்தை நிறுத்தி வைத்தது. அவற்றில் செம்பனை எண்ணெயும் ஒன்று. முதலில் ஓராண்டுக்கு என்றது. பின்னர் பலமுறை நீட்டித்தது. அந்நாட்டு மக்களின் உணவு விலை ஏறாதிருக்க வேண்டும் என்று அவ்வரசு எண்ணியது. அது அவ்வரசின் கடமை. அதில் நமக்கு மனத்தாங்கல் இல்லை. ஒவ்வொரு வீட்டாரும் தம் வீட்டுக் கூரையைத்தான் முதலில் காப்பார்கள். மழை வரும்போது நாம் எந்தக் கூரையின் கீழ் நிற்கிறோம் என்பதை முன்பே அறிந்திருக்க வேண்டும் என்கிறோம், அவ்வளவே.

தரகர் விஷயமும் அப்படியே. 2011 அக்டோபர் 31-இல் அமெரிக்காவில் எம்.எஃப். குளோபல் என்ற பெரிய தரகு நிறுவனம் முறிந்தது. வாடிக்கையாளர்களின் பணத்தில் சுமார் 160 கோடி டாலர் குறைந்திருந்தது. ஆண்டுகள் கழித்து அவர்களுக்குப் பணம் திரும்பியதாயினும், வியாபாரிக்கு ஆண்டுகள் என்பவை சிறு விஷயமல்ல. இன்றோ, வெளிநாட்டுச் சந்தையின் பெயரைச் சொல்லிக் கைப்பேசியில் பணம் வாங்கும் கூட்டத்தார் சிலர் எந்தச் சந்தையிலும் சேர்ந்தவரல்லர். மலேசிய ஆணையமும் சிங்கப்பூர் நாணய ஆணையமும் இத்தகையோரின் பெயர்ப் பட்டியலைப் பொதுமக்களுக்காக வெளியிடுகின்றன. பணம் அனுப்புமுன் அதைப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

உள்ளூர் என்பதனாலேயே தூய்மையா?

இவ்வளவும் படித்துவிட்டு, "ஆகவே உள்ளூர்ச் சந்தையே நல்லது" என்று சிலர் முடிவு கட்டலாம். பொறுங்கள். 1984-இல் கோலாலம்பூர்ச் சந்தையிலேயே செம்பனை எண்ணெய் வர்த்தகத்தில் பெரும்புள்ளிகள் பேசியபடி நிறைவேற்ற முடியாமற் போகத் தரகர்கள் பலர் தடுமாறினர். அதன் பிறகே 1985-இல் புதிய சட்டம் வந்தது. நம் சட்டமும் அடிபட்டுத்தான் படித்தது.

மேலும், எல்லைக்கோடு நாம் நினைப்பது போல் தெளிவானதன்று. நம் செம்பனை எண்ணெய் முன்பேரம் 2010-இலேயே சிகாகோ நிறுவனத்தின் மின்னணு மேடைக்கு மாறியது. ஜொகூரில் ரப்பர் வாங்கி விற்கும் ஒருவருக்குச் சிங்கப்பூர் வெளிநாடு; ஆயினும் அவர் சரக்கின் விலை அங்கேதான் தெரிகிறது. பித்தளை, செம்புப் பாத்திரம் வார்ப்பவருக்கு லண்டன் விலையே விலை. கோதுமை இறக்குமதி செய்பவருக்குச் சிகாகோ விலையே விலை. இவர்கள் தம் சரக்கைக் காத்துக்கொள்ள அங்கே ஒப்பந்தம் செய்தால், தொலைவு கருதி அதனைப் பிழை என்போமா? மாறாக, துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர், செம்பனைக் குலையைத் தொட்டும் பாராதவர், கோலாலம்பூர்ச் சந்தையில் பத்து ஒப்பந்தம் வாங்கி வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் முன்னால் நிற்கும்போதும் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தால், சொந்த நாட்டுச் சந்தை என்பதற்காக அது வியாபாரமாகிவிடுமா?

"விலையை ஊகித்து வாங்குபவரும் இல்லாவிட்டால் சந்தை நடக்காதே, தோட்டக்காரர் யாரிடம் விற்பார்?" என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான். ஆபத்தைத் தள்ளிவிட விரும்புகிறவர் இருந்தால், அதை ஏற்கிறவரும் வேண்டும். ஆனால் ஏற்பவர் அதைத் தாங்கும் முதலும், அச்சரக்கைப் பற்றிய அறிவும் உடையவராயிருக்க வேண்டும். மழை, விளைச்சல், கையிருப்பு, ஏற்றுமதி வரி இவற்றைக் கற்று, தாங்கக் கூடிய அளவில் இறங்குகிறவர் வேறு. நண்பர் சொன்னார் என்று இறங்குகிறவர் வேறு. பின்னவர் சந்தைக்குச் செய்யும் உதவி, விளக்குக்கு விட்டில் செய்யும் உதவியே.

யாருடைய பணம்?

நம்மவர்களுக்கென்றே உரிய ஒரு விஷயத்தை இறுதியாகச் சொல்ல வேண்டும். நம் கடைகளின் கல்லாப் பெட்டியில் இருப்பதெல்லாம் நம் பணமன்று. மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி அதில் இருக்கிறது. கடைப் பிள்ளைகளின் சம்பளம் இருக்கிறது. கூட்டு வியாபாரத்தில் அண்ணன் தம்பியின் பங்கு இருக்கிறது. ஊரிலிருக்கும் அக்காள், கைம்பெண்ணாகிவிட்ட மாமி, "உன் கையில் இருக்கட்டும்" என்று ரசீதுகூட வாங்காமல் ஒப்படைத்த தொகை இருக்கிறது. ஏழைகளுக்குரிய ஜகாத் இருக்கிறது. இவை அமானத். இதில் ஒரு காசை எடுத்து ஈட்டுப் பணமாகக் கட்டுகிறவர், உள்ளூர்ச் சந்தையில் கட்டினாலும் வெளிநாட்டுச் சந்தையில் கட்டினாலும், அடுத்தவர் பொருளை அவர் அறியாமல் பணயம் வைக்கிறார். லாபம் வந்தாலும் அது பிழையே. நஷ்டம் வராததனால் நம்பிக்கை மோசம் நியாயமாகிவிடாது.

இதிலும் தொலைவுக்கு ஒரு தனித் தீங்கு உண்டு. உள்ளூரில் நடப்பது எப்படியாவது நாலு பேர் காதுக்கு வரும், கேட்பார் இருப்பர். வெளிநாட்டுச் சந்தையில், கடை மூடிய பின் இரவு பத்து மணிக்கு மேல், டாலர் கணக்கில் நடப்பதை வீட்டாரும் அறியார், பங்காளியும் அறியார். நம் சந்தையும் 2021 முதல் இரவு நேர வர்த்தகத்தைத் தொடங்கியிருப்பதால், அந்த இருட்டு இப்போது இங்கேயும் வந்துவிட்டது. மறைத்துச் செய்ய வேண்டியிருக்கிற வியாபாரம் எதுவாயினும், அதன் மறைவே அதன் குற்றத்தைச் சொல்லிவிடும்.

நம் முடிவு

ஆகவே, எந்தச் சந்தை என்று கேட்குமுன் நம்மை நாமே கேட்க வேண்டியவை சில உண்டு. இந்தச் சரக்கு என் வியாபாரத்தில் இருக்கிறதா, அல்லது அதை நான் நன்கு கற்றிருக்கிறேனா? பேசியபடி கொடுக்கவோ எடுக்கவோ நேர்ந்தால் என்னால் முடியுமா? சச்சரவு வந்தால் நான் யாரிடம் போய் நிற்பேன், அவர் என் குரலைக் கேட்பாரா? நான் கட்டும் பணம் முழுவதும் என்னுடையதா? நான் பின்பற்றும் ஆலிம் இந்த ஒப்பந்தத்தை அறிந்து கூடும் என்றாரா?

இவற்றுக்கெல்லாம் ஆம் என்று மனத்தில் கை வைத்துச் சொல்லக் கூடியவர், தம் சரக்குக்குப் பொருந்திய சந்தையை, அது எங்கிருந்தாலும், தேர்ந்துகொள்ளட்டும். இரண்டு சந்தையும் சமமாகப் பொருந்துமானால், சட்டமும் தரகரும் நமக்கு எட்டும் தொலைவில் உள்ள உள்ளூரையே தேர்வது விவேகம். இவற்றில் ஒன்றுக்கு இல்லை என்று வந்தாலும், சந்தை எதிர்வீட்டிலேயே இருந்தாலும் அவர் அங்கே போக வேண்டியதில்லை.

நம் முன்னோர் இந்தக் கடல் தாண்டி வந்தபோது கொண்டு வந்த பெருமுதல் பணமன்று. "இவரிடம் கொடுத்தால் வரும்" என்று அயலார் சொன்ன சொல்லே அது. அந்தச் சொல்லைக் காத்துக்கொண்டு செய்யும் வியாபாரத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.